கவிழ்ந்த மரக்கலத்தை அறுத்துத் திறந்த செய்தி

மலைமுகடுகளில் முகில் தங்குக. தங்கிய முகில் ஆறாக இறங்குக. இறங்கிய ஆறு இரு நாட்டு வயலுக்கும் பொதுவாகுக.

வேலாழி நாட்டின் கடலும் கரையும் காக்கும் கோமான் திரைமாறர் ஆணையால், அவர்தம் துறைகளுக்கெல்லாம் அமைச்சனாகிய ஆதன் திரையன், சங்குத்துறைக் கோட்டத்திலிருந்து, நெடுவரை நாட்டுப் பேரரசி, பன்னிரு குன்றுகளுக்கும் உரிய பெருமாட்டி, பகைவர் அஞ்சும் வில்லும் பசித்தோர் நாடும் வாயிலும் உடைய எயினங்கோதையார் திருமுன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் தினைப்புனங்கள் தழைக்க. தங்கள் சுனைகள் கோடையிலும் வற்றாதிருக்க. தங்கள் அவையில் அறம் அயராது அமர்ந்திருக்க.

இன்னும் பல வாழ்த்துகளை எழுதிய பின்னரே செய்தியைத் தொடங்குவது முறை. அந்த முறையை இன்று யான் மீறுகிறேன், பெருமாட்டி பொறுத்தருள்க. தங்கள் தங்கையார் பொன்முகையார் உயிரோடு இருக்கிறார். கப்பலின் வயிற்றுக்குள் அவரோடு அகப்பட்டிருந்த அறுவரும் உயிரோடு இருக்கிறார்கள்.

கப்பல் கவிழ்ந்த அன்று எங்கள் துறையிலிருந்து வடக்கே கிளம்பிய மீன்படகுகள் சில, முடிவு தெரியும் முன்பே போய்விட்டன. நெடுவரைக் கப்பல் மூழ்கியது, இளைய பெருமாட்டி மாண்டார் என்ற பொய்ச்செய்தியை அவை தங்கள் கரையில் இறக்கியிருக்கும். வேலாழியார் வேண்டுமென்றே செய்த வஞ்சம் அது என்று சிலர் அதற்குக் கையும் காலும் வைத்திருக்கவும் கூடும். ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். பேசியவர்களின் சொற்களில் சிலவற்றை அவர்கள் வாயில் வந்தவாறே சேர்த்திருக்கிறேன். அது ஓலைக்கு உரிய மொழி அன்று எனத் தங்கள் அவைப்புலவர் முகம் சுளிக்கலாம். உயிருக்குப் போராடுவோர் ஓலைமொழியில் பேசுவதில்லை.

ஆற்றுநீர்ப் பங்கீட்டைப் பேசி முடிக்கத் தாங்கள் அனுப்பிய 'நீலவரை' என்னும் மரக்கலம், நண்பகல் சாய்ந்த வேளையில் எங்கள் துறைவாயிலுக்குள் நுழைந்தது. கரையில் எம் கோமான் முரசும் மாலையுமாகக் காத்திருந்தார். கப்பலைச் செலுத்தி வந்த மீகாமன் ஏறையன் பாயைச் சுருக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தெற்கிலிருந்து ஒரு சுழற்காற்று வந்தது. அது வரும் என்று எங்கள் துறையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே தெரியவில்லை. தாங்கள் எம் கோமானுக்குப் பரிசாக ஏற்றியிருந்த மலைக்கல் ஆட்டுரல்கள் ஒருபுறமாக உருண்டன. கப்பல் சாய்ந்தது, சாய்ந்தது நிமிரவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடிப்பாகம் மேலாகப் புரண்டு, பெரிய ஆமையொன்றின் முதுகைப்போல் நீரில் மிதந்தது.

காற்று வந்த வேகத்திலேயே போய்விட்டது. எங்கள் படகுகள் பாய்ந்து சென்று, நீரில் தத்தளித்தவர்களைத் தூக்கின. அவ்வாறு மீட்கப்பட்ட ஏறையன் தலைகளை எண்ணிப் பார்த்தார். எழுவர் இல்லை. அந்த எழுவரில் இளைய பெருமாட்டியும் ஒருவர்.

யானும் ஒரு படகில் அங்கே இருந்தேன். கரையில் முரசு நின்றுவிட்டது. எம் கோமான் மாலையைக் கழற்றி மணலில் வைத்ததை யான் கண்டேன். அப்போதுதான் கவிழ்ந்த கப்பலுக்குள்ளிருந்து தட்டும் ஓசை கேட்டது. யாரோ உள்ளிருந்து பலகையைக் குத்திக்கொண்டிருந்தார்கள். படகிலிருந்த அனைவரும் மூச்சை அடக்கிக் கேட்டோம். மீண்டும் கேட்டது.

ஏறையன் ஒரு கோடரியைப் பற்றிக்கொண்டு கப்பலின் முதுகில் ஏறினார். ஓசை வந்த இடத்தில் ஓங்கி வெட்டினார். மூன்றாம் வெட்டில் பலகை பிளக்கவில்லை. பக்கத்துத் தையல் தளர்ந்தது. தங்கள் நாட்டுக் கப்பல்கள் ஆணி அறியாதவை. அகன்ற தேக்குப் பலகைகளை விளிம்போடு விளிம்பு பொருத்தித் தென்னங்கயிற்றால் தைத்தவை. தளர்ந்த அந்தத் தையலின் வழியே காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. கப்பல் ஒரு சாண் கீழே இறங்கியது.

என் படகில் வந்திருந்த எம் நாட்டுக் கப்பல் தச்சர்களின் தலைவி வேண்மாள் என்பவர் பாய்ந்து ஏறி, தம் சேலை முந்தானையைக் கிழித்து அந்தத் துளையில் திணித்தபடியே கத்தினார். "நிறுத்துய்யா. அந்தக் காத்துதான் கப்பலத் தூக்கிப் பிடிச்சிருக்கு. அத வெளிய விட்டா எல்லாரோடயும் சேர்ந்து அடியில போயிடும்."

ஏறையன் திரும்பினார். அவர் கண்கள் சிவந்திருந்தன. "அந்தக் காத்தைத்தானே உள்ள இருக்கறவங்களும் மூச்சு விடுறாங்க? முன்ன ஒரு தடவ இப்படித்தான், கருவி வரட்டும், ஆளு வரட்டும்னு நின்னோம். திறந்தப்ப ஒருத்தருக்கும் உசுரு இல்ல. நான் இன்னொரு தடவ நிக்கமாட்டேன்."

பெருமாட்டி, இருவர் சொன்னதும் உண்மை. விரைந்து வெட்டினால் கப்பல் மூழ்கும். மெதுவாகச் செய்தால் காற்று கெடும். இந்த இரண்டுக்கும் நடுவே எழுவர் இருட்டில் நின்றுகொண்டிருந்தார்கள்.

வேண்மாள் அடக்கம் மிகுந்தவர் அல்லர். தம் கைத்திறனைத் தாமே புகழ்வதில் அவருக்குக் கூச்சம் கிடையாது. தம்மிடம் உளி இருக்கக் கோடரி எதற்கு என்று சொல்லி, ஒரு பலகையின் நடுவே உளியை வைத்துக் கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியால் அடிக்கத் தொடங்கினார். சிறு சிறு அடிகள்தாம். ஆயினும் ஒவ்வோர் அடிக்கும் பலகை அதிர்ந்தது. அதிர்ந்த இடமெல்லாம் தையல்களில் நுரை கொப்பளித்தது. அப்போது உள்ளிருந்து குரல் வந்தது. பலகையில் காதை வைத்துக் கேட்டால்தான் புரிந்தது. அது இளைய பெருமாட்டியின் குரல்.

"யாரு அடிக்கிறது? அடிக்க அடிக்கத் தண்ணி ஏறுது. எங்களுக்கு இடுப்பு வரைக்கும் வந்துடுச்சு. அடிக்காம அறுக்க வழி இல்லையா?"

வேண்மாள் உளியைக் கீழே வைத்தார். பின்னர் என்னைப் பார்த்து, உளி வேண்டாம் என்று உள்ளேயிருந்து உத்தரவு வந்துவிட்டது, அந்த உத்தரவே சரி என்றார். ஈர்வாள் என்று நூலோர் சொல்லும் ரம்பம்தான் அதிராமல் அறுக்கும் என்றும், தம் கோபத்தில் அதை முதலிலேயே எண்ணாமல் போனதாகவும் சொன்னார்.

பட்டறையிலிருந்து ரம்பங்கள் வந்தன. இருவர் இழுக்கும் நெடிய ரம்பம் வந்தது. அதன் மறுமுனையைப் பிடிக்கக் கப்பலுக்குள் ஆள் வேண்டும். அகன்ற அலகுள்ள கைரம்பம் வந்தது. அது விளிம்பிலிருந்துதான் தொடங்கும், பலகையின் நடுவே இறங்காது. மூன்றாவதாக வந்தது, வாளைமீனின் வாலைப்போல் நுனி மெலிந்த சிறு ரம்பம். விரல் நுழையும் துளை ஒன்று இருந்தால் போதும், அதன் வழியே இறங்கிவிடும். வேண்டிய பக்கம் வளையும். ஆனால் அதன் அலகு மெலிந்தது. ஈரத் தேக்கு அதை நெரித்து ஒடித்துவிடக் கூடும். அந்த அளவில் எங்களிடம் இரண்டே இருந்தன.

ஏறையன் என்னை நோக்கினார். வேண்மாளும் என்னை நோக்கினார். துறைக்குப் பொறுப்பானவன் யான். ரம்பத்தை எடுக்கச் சொல்லி நேரம் கடந்துவிட்டால், தங்கள் தங்கையாரை மூச்சுமுட்டிச் சாகவிட்டவன் யானே. கோடரிக்கு இசைந்து கப்பல் மூழ்கினாலும் அவரை மூழ்கடித்தவன் யானே. அதன் பிறகு தங்கள் வில்லவர் எங்கள் எல்லைக்கு வந்தால், அவர்களுக்கு எதிராக நிற்க எனக்கு முகம் இருந்திருக்காது. முதலில் கப்பலைக் கட்டுங்கள், பிறகு ரம்பத்தால் அறுங்கள் என்று சொன்னேன்.

சரக்கேற்றும் பெரிய தோணிகள் இரண்டைக் கப்பலின் இருபுறமும் நிறுத்தினோம். கப்பலின் எடையைத் தாங்கும் கயிறு துறையில் இல்லை. அதைக் கேட்ட எம் கோமான் திருவிழாத் தேரின் வடங்களை அவிழ்த்துக் கொண்டுவரச் செய்தார். முத்துக்குளிப்போர் அவற்றைப் பற்றிக்கொண்டு மூழ்கி, கப்பலுக்கு அடியாகச் செலுத்தி, மறுபுறத்துத் தோணியில் கொண்டுவந்து கட்டினார்கள். தொட்டிலில் கிடப்பதுபோல் கப்பல் அந்த வடங்களின் மேல் கிடந்தது.

பிறகு வேண்மாள் பலகையில் காதை வைத்து, உள்ளே குறுக்கு மரம் எங்கெங்கே இருக்கிறது என்று கேட்டார். இளைய பெருமாட்டி உள்ளிருந்து தடவிப் பார்த்து, மரம் இருந்த இடங்களில் தட்டிக் காட்டினார். ஓசை வந்த இடங்களில் வேண்மாள் கரியால் கோடிட்டார். அந்தக் கோடுகளுக்கு நடுவே, தையலைத் தொடாத ஒரே பலகையில், ஒரு முழ அகலத்துக்குச் சதுரம் வரைந்தார். அதன் மூலைகளில் தமரூசியைத் திருகித் திருகித் துளையிட்டார்கள். துளை விழுந்த மறுகணம் காற்று சீறியது. உள்ளே இருந்தவர்கள் துணியால் அடைத்தார்கள். ஒரு துளையில் மட்டும் இளைய பெருமாட்டி வாயை வைத்து, எல்லாரும் இருக்கிறோம், ஒருவருக்குக் கால் முறிந்திருக்கிறது, சீக்கிரம் என்று சொல்லிவிட்டு அடைத்துக்கொண்டார்.

ரம்பம் இறங்கியது. இழுத்தவர் ஏறையன். கோடரியை மட்டுமே நம்பிய அந்த மனிதர், ரம்பத்தைக் கையில் கொடுத்ததும் மறுசொல் சொல்லவில்லை. அவர் தோளின் வலிமை எங்களில் எவருக்கும் இல்லை. வேண்மாள் அவர் அருகில் மண்டியிட்டு, ரம்பம் கடந்த பிளவைக் குங்கிலியமும் எண்ணெயும் குழைத்த சாந்தால் உடனுக்குடன் அடைத்துக்கொண்டே வந்தார். பலகை அதிரவில்லை. தையல்களில் நுரை எழவில்லை. முதற்பக்கம் முடிந்தபோது தோணியில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஈரத் தேக்கு அலகை இறுகப் பற்றியது. ஏறையன் சினந்து இழுத்தார். ரம்பம் ஒடிந்தது.

அவர் ஒடிந்த பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்மாள் மற்ற ரம்பத்தை எடுத்து, அதன் அலகு முழுவதும் மீனெண்ணெய் பூசி, அவர் கையில் வைத்தார். "இது மரம்யா, எதிரி இல்ல. கோவிச்சுக்காம இழு. அதுவே வழி விடும்." அறுத்த பிளவு மூடிக்கொள்ளாதபடி அதில் ஒரு மூங்கில் சிம்பைச் செருகினார். ஏறையன் மூச்சை விட்டார். பிறகு தாலாட்டுக்கு ஏற்ப இழுப்பவர்போல் இழுத்தார். உள்ளே சமையல்காரர் கோவன், இருட்டில் அழுதுகொண்டிருந்தவர்களுக்கு மறுநாள் தாம் ஆக்கப்போகும் உணவை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். புளிக்கறி வரைக்கும் வந்திருந்தாராம். இதை அவர்கள் பின்னர் சொன்னார்கள்.

நான்காம் பக்கம் முடியும் முன் வேண்மாள் எல்லாரையும் வடங்களில் கைவைக்கச் சொன்னார். கடைசி நார் அறுந்தது. பலகையைத் தூக்கினோம். உள்ளிருந்த காற்று பெருமூச்சுப்போல் எங்கள் முகத்தில் அடித்தது. கப்பல் தன் எடை முழுவதோடும் வடங்களின் மேல் அமர்ந்தது. இரு தோணிகளும் உட்புறம் சாய்ந்தன. வடங்கள் முனகின. ஆனால் தாங்கின.

கால் முறிந்த துடுப்பாளர் முதலில் வந்தார். அவரைத் தொடர்ந்து மற்றொரு துடுப்பாளர், மருத்துவச்சி, தங்கள் ஓலைகளை எழுதும் ஓலைநாயகம், யாழ் இசைக்கும் பாணர் ஆகியோர் வெளியே வந்தனர். இளைய பெருமாட்டியை முதலில் வரச்சொல்லி யான் கெஞ்சினேன். தம்மோடு வந்தவர்களை இருட்டில் விட்டுவிட்டு வெயிலுக்கு வந்தால் தமக்கையின் முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டார். ஆறாவதாக அவர் வந்தபோது அவர் கண்கள் வெளிச்சத்தில் கூசின. வந்ததும் கரையைப் பார்க்கவில்லை. திரும்பி, மீதமிருந்த கோவனுக்காகத் துளைக்குள் கையை நீட்டினார்.

கோவன் பருத்த உடம்புக்காரர். ஒரு முழத் துளையில் தோள் வரைக்கும் வந்தார். அதற்கு மேல் வரவில்லை. உள்ளே நீர் ஏறிக்கொண்டே வந்தது. அப்போது ஒரு தேர்வடம் அறுந்தது. கப்பலின் ஒரு முனை நீருக்குள் அமிழ்ந்தது. கோவனின் தாடையை அலை தொட்டது.

"என்ன விட்ருங்கம்மா," என்று அவர் இளைய பெருமாட்டியிடம் சொன்னார். "எல்லாரும் இறங்கிடுங்க. நேரம் இல்ல."

இளைய பெருமாட்டி அவர் கையை விடவில்லை. வேண்மாள் எழுந்து நின்று, ஏறையனின் கோடரியை எடுத்து அவரிடமே கொடுத்தார். "இப்ப வெட்டுய்யா. இனிமே காத்து போனா என்ன, தையல் போனா என்ன. அந்த வலப்பக்கத் தையல ஒடச்சு விடு."

எந்தத் தையலைக் காக்க மாலை முழுதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோமோ, அதே தையலில் ஏறையன் வெட்டினார். கோவனின் தலைக்கு ஒரு சாண் தள்ளி, ஒரு மயிரிழையும் பிசகாமல், ஓங்கி வெட்டினார். கயிறுகள் தெறித்தன. பலகை வாயைத் திறந்தது. இளைய பெருமாட்டியும் யானும் இரு முத்துக்குளிப்பாரும் சேர்ந்து இழுத்தோம். கோவன் நீரும் சாந்துமாக எங்கள் மேல் வந்து விழுந்தார். கப்பலை விட்டு நாங்கள் தோணியில் தாவிய பின்னர், மற்ற வடங்களை அவிழ்த்துவிட்டோம். 'நீலவரை' சத்தமின்றி நீருக்குள் இறங்கியது. அதனுள் எவரும் இல்லை.

பெருமாட்டி, அப்போது சங்குத்துறையில் எழுந்த ஆரவாரத்தை எழுத இந்த ஓலையில் இடமில்லை. நின்றிருந்த முரசுகள் ஒன்றாக முழங்கின. எம் கோமான் அரச உடையோடு மார்பளவு நீரில் இறங்கி வந்து தோணியைப் பற்றி இழுத்தார். மீனவப் பெண்கள் குலவையிட்டார்கள். யாருக்கு யார் உறவு என்று பாராமல் எல்லாரும் எல்லாரையும் கட்டிக்கொண்டார்கள். ஏறையன் மணலில் அமர்ந்து குழந்தையைப்போல் அழுதார். வேண்மாள் அவர் அருகில் அமர்ந்து, அவர் ரம்பம் இழுத்த முறையைத் தம் மாணாக்கரிடம் புகழ்ந்துகொண்டிருந்தார், தம்மைப் புகழ்வதை ஒருநாளேனும் மறந்து. அரண்மனையிலிருந்து கஞ்சி வந்தது. கோவன் ஒரு வாய் குடித்துவிட்டு, உப்புக் குறைவு என்றார். அதைக் கேட்டு இளைய பெருமாட்டி சிரித்த சிரிப்பைத் தாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

அந்த மாலைக்குப் பின் யான் பலமுறை எண்ணிப் பார்த்தேன். உலர்ந்த மரத்தில், சுற்றியிருப்பது அசையாதபோது, உளியைப் போல் சொன்னபடி கேட்கும் கருவி இல்லை. வெட்டின் இருபுறமும் உள்ளது குலையாமல் நிற்க வேண்டுமென்றால், நேரம் எத்தனை நெருக்கினாலும், ரம்பமே வேண்டும். அதிலும் மரமும் இடமும் சொல்லும் அலகே வேண்டும். காக்க வேண்டியது ஒன்றும் மிஞ்சாமல், விரைவு மட்டுமே மிஞ்சும் நொடியில் கோடரியை எடுக்கத் தயங்குவதும் கொலையே ஆகும். ஏறையன் கேட்ட கருவி தவறானதன்று. அதற்குரிய வேளைக்கு முன்னால் கேட்டார், அவ்வளவுதான். ஆகவே சுழற்காற்றின் குற்றத்தை அவர்மேல் ஏற்றாதிருக்குமாறு எம் கோமான் தங்களை வேண்டுகிறார். எழுவரையும் மீட்ட கை அவருடைய கை.

ஆற்றுநீர்ப் பங்கீடும் முடிந்தது. இளைய பெருமாட்டி நன்றாக உறங்கி எழுந்து, நேரே அவைக்கு வந்து, தாங்கள் கேட்கச் சொன்ன பங்கைக் கேட்டார். மார்பளவு நீரில் நின்ற எம் கோமானுக்கு அவரிடம் வழக்காட மனம் வரவில்லை. கேட்டபடியே கொடுத்தார். உடன்படிக்கை ஓலை தனியே வருகிறது.

இனி ஆணை. வேலாழி நாட்டின் ஒவ்வொரு துறையிலும், தமரூசியும், நுனி மெலிந்த ரம்பங்களும், கோடரியும், சாந்தும், தேர்வடத்துக்கு இணையான கயிறும் ஏற்றிய மீட்புத்தோணி ஒன்று எப்போதும் மிதந்திருக்க வேண்டும் என்று எம் கோமான் கட்டளையிட்டிருக்கிறார். அத்தோணிகளுக்கு ஆட்களைப் பயிற்றும் பொறுப்பு வேண்மாளுடையது. தங்கள் துறைகளிலும் அவ்வாறே செய்யத் தாங்கள் இசைந்தால், அவர் பயிற்றிய தச்சர்களை அனுப்பி வைக்கிறோம்.

இந்த ஓலையைக் கொண்டுவரும் தூதனுக்கும் ஓர் ஆணை உண்டு. கட்டிய நூலைக் கத்தியால் அறுத்தே பிரிக்க வேண்டும், மண் இலச்சினையை எவரும் உடைக்கலாகாது என்று தங்கள் வாயிலோரிடம் அவன் சொல்லியிருப்பான். அந்த மண் இப்போது தங்கள் கையில் முழுதாக இருக்கும். அதில் பெரிதாகத் தெரியும் சங்கு எம் கோமானின் முத்திரை. தங்கள் தங்கையாரின் கணையாழி கடலில் போய்விட்டது. ஆகவே யான் இலச்சினையிட்டபோது அவர் வந்து, ஈர மண்ணில் தம் பெருவிரலை அழுத்தினார். சங்கின் அருகில் இருக்கும் பள்ளம் அதுவே. பெருமாட்டி, தங்கள் விரலை அதில் வைத்துப் பாருங்கள்.